நேரம் கிடையாது

ருமானாவிடம் ஒரு குணம் உண்டு. எழுத்தில் ஒன்று இருந்து நடப்பில் வேறொன்று இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. கல்யாணப் பத்திரிகையில் போட்ட நேரத்துக்குப் பந்தி போடவில்லையென்றால் மாப்பிள்ளையின் அத்தாவையே தேடிப்போய்க் கேட்டுவிடுவாள். வீட்டில் இதற்கு வாய்த்துடுக்கு என்று பெயர். இதற்கே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள கே.கே. நகரில் ஒரு கம்பெனி இருந்தது.

கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் மூன்று அறைகள், அதில் ஒன்று நிறைய பழைய சாமான். முதலாளி அப்துல் ரசாக் கையில் எந்நேரமும் சால்டரிங் கம்பி இருக்கும். அவர்கள் செய்து விற்றது சங்குப் பெட்டி.

வைகையில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும். அதனால் ஆறு என்ற மரியாதை யாருக்கும் கிடையாது. உள்ளே இறங்கி ஆடு மேய்ப்பார்கள், தேங்கிய தண்ணீரில் துணி அலசுவார்கள், வண்டியை இறக்கிக் குறுக்கே போவார்கள். மேலே எங்கோ மதகைத் திறந்தால் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் வந்து நிற்கும். அதற்குத்தான் சங்கு. ஆற்றுக்குள் சற்று மேற்கே ஒரு இரும்புக் குழாய் நட்டிருப்பார்கள். குழாய்க்குள் ஒரு பந்து. தண்ணீர் வந்தால் பந்து மேலே வரும், கரையில் கம்பத்திலிருக்கும் சங்கு ஊதும், கீழே இருக்கிற ஜனம் ஏறிவிடும். அவ்வளவுதான் சங்கதி. சோழவந்தானுக்குப் பக்கத்தில் ஒரு தரைப்பாலத்தருகே நிற்கிற பெட்டி இப்படிப் பல வருஷமாக ஊதிக்கொண்டிருந்தது. ஒரு தரமும் பொய் சொன்னதில்லை.

பெட்டிக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்கு அவர்களே எழுதிய சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம். சங்கு ஊதுகிற புரோகிராம் தானாக எதையும் தொட முடியாது. பந்து உயர்ந்ததா என்று பார்க்க வேண்டுமானாலும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். இந்தக் கூப்பிடுதலுக்கு சிஸ்டம் கால் என்று பெயர். எந்தக் காலை எப்படிக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் அது என்ன செய்யும் என்று மேனுவலில் எழுதியிருக்கும். மேனுவல் தமிழில் இருந்தது. பெட்டிகளை மாட்டுகிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் சுற்றுவட்டாரத்து ஆட்கள், அவர்களுக்குப் புரியாத மேனுவல் எதற்கு என்பது ரசாக்கின் கட்சி.

மேனுவலையும் சிஸ்டம் கால்களையும் ஒத்துப் பார்த்துச் சரிசெய்கிற வேலை ருமானாவுக்கு வந்தபோது அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அப்படிப் பார்த்துக்கொண்டு வரும்போதுதான் 'காத்திரு' என்ற காலில் மாட்டினாள்.

அது ரொம்பச் சாதாரணமான கால். பந்து உயர்ந்தால் என்னை எழுப்பு, இத்தனை விநாடிவரை பார் என்று புரோகிராம் சொல்லும். சொல்லிவிட்டுத் தூங்கப் போகும். அந்த விநாடிக் கணக்கில் பூஜ்யம் என்று கொடுத்தால்? மேனுவலில் ஒரே வரி இருந்தது: 'பூஜ்யம் கொடுத்தால் நேரம் கிடையாது.'

நேரம் கிடையாது என்றால் காத்திருக்க நேரமில்லை, உடனே திரும்பி வந்துவிடும் என்று ருமானா படித்தாள். ஆனால் உள்ளே திறந்து பார்த்தால் பூஜ்யத்துக்கு அது திரும்பியே வராமல் காத்துக்கிடந்தது. எழுத்தில் ஒன்று, நடப்பில் ஒன்று. அவளுக்குக் கை துறுதுறுத்தது. மேனுவல் சரி, புரோகிராம் எழுதினவன்தான் சொதப்பியிருக்கிறான் என்று முடிவு கட்டினாள். மற்ற பல சிஸ்டங்களிலும் பூஜ்யம் என்றால் உடனே திரும்புவதுதான் வழக்கம் என்பது வேறு அவளுக்குத் தைரியம் கொடுத்தது. அந்தக் காலை மாற்றினாள். மேனுவலில் யாருக்கும் சந்தேகம் வராதபடி, 'பூஜ்யம் கொடுத்தால் காத்திருக்காமல் உடனே திரும்பும்' என்று எழுதினாள். மேசையில் ஒரு பெட்டியை வைத்துப் பந்தைத் தூக்கிப் பார்த்தாள். சங்கு கணீரென்று ஊதியது. கீழே பல் ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்துகொண்டிருந்தவர்கள் பதறியிருப்பார்கள்.

எல்லாப் பெட்டிக்கும் ஒரேயடியாகப் போடாமல் முதலில் ஒன்றுக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்றார் ரசாக். சோழவந்தான் பெட்டியை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். அவள் தம்பி அல் அமீன் அந்தக் கரையை ஒட்டின தெருவில் இருந்தான். கொடிக்காலில் வெற்றிலை எடுத்துக் குட்டியானை வண்டியில் மதுரைக்கு ஏற்றி வருகிறவன். ஏதாவது என்றால் எட்டிப் பார்ப்பான் என்று நினைத்தாள்.

அதற்கப்புறம் வானம் மூடிக்கொண்டது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை, ஊர் பூராவும் ஒரே மந்தாரம்.

அன்று காலை அவள் ஆபீசுக்கு வந்தபோது, பெட்டிகள் தினமும் விடிந்ததும் அனுப்புகிற நலச் செய்தி வந்திருந்தது. சோழவந்தான் பெட்டியின் பேட்டரி அடிமட்டத்தில் கிடந்தது. மற்றவை நன்றாகவே இருந்தன. ருமானாவுக்குத் தன் மாற்றத்தின் மேல் சந்தேகம் வரவில்லை. பந்தின் மேல்தான் வந்தது. தம்பிக்குப் போன் போட்டாள்.

"அமீன், சங்குப் பெட்டியில பேட்டரி எறங்கிக் கெடக்கு. பந்துல பாசி கீசி சிக்கி ஆடிக்கிட்டே இருந்தா பெட்டி அடிக்கடி முழிச்சுக்கும். கொஞ்சம் ஆத்துக்குள்ள எறங்கி அந்தக் குழாயைப் பாத்துட்டு வாரியா?"

"லோடு ஏத்தணும்க்கா."

"ஏத்திக்கலாம்டா. பந்தைக் கையால தூக்கிப் பாரு. தூக்குனா சங்கு ஊதணும். ஊதலைன்னா சிக்கியிருக்குன்னு அர்த்தம், கழட்டிக் கழுவி மாட்டு. ஊதுற வரைக்கும் பாத்துட்டு வா."

"சரி, போறேன். மத்தியானம் உங்க வீட்லதான் சாப்பாடு, சொல்லிட்டேன்" என்று வைத்துவிட்டான்.

அவள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் இன்னொரு செய்தி வந்தது. முன்பு இந்தக் கம்பெனியில் இருந்து, இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற ஜூடு அனுப்பியிருந்தான். மேனுவலை முதலில் எழுதியவன் அவன்தான். மரியாதைக்கு அவனுக்கும் ஒரு நகல் அனுப்பி, பார்த்துச் சொல் என்று கேட்டிருந்தாள். அவன் பார்த்தது இன்றைக்குத்தான். 'அக்கா, அவசரமா பேசணும்' என்று இருந்தது.

கூப்பிட்டாள்.

"அக்கா, காத்திரு காலை மாத்திட்டீங்களா? இல்ல, மாத்தப் போறீங்களா?"

"மாத்தியாச்சு. ஏன்டா? பூஜ்யம்னா நேரம் கிடையாதுன்னு நீதான எழுதியிருந்த. அது அப்படி நடக்கல, சரி பண்ணிட்டேன்."



"அக்கா, நேரம் கிடையாதுன்னா நேரக் கட்டுப்பாடு கிடையாதுன்னு அர்த்தம். நம்ம ஊருல புரோட்டாக் கடையைச் சொல்லுவோம்ல, அந்தக் கடைக்கு நேரம் கிடையாது, எப்ப வேணாலும் போலாம்னு. அந்த மாதிரி எழுதுனேன். பந்து உசர்ற வரைக்கும், வருசக் கணக்கானாலும் தூங்கிக்கிட்டே இருக்கட்டும்னுதான் சங்கு புரோகிராம் பூஜ்யம் குடுக்கும்."

ருமானா அந்த வரியை மனசுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தாள். சாம்பாருக்கு அளவு கிடையாது. பேச்சுக்குக் கணக்கு கிடையாது. நேரம் கிடையாது. மதுரையில் பிறந்து வளர்ந்தவள், இதைத் தினமும் பத்துத் தடவை காதில் வாங்குகிறவள், காகிதத்தில் பார்த்ததும் எப்படி அப்படியே தலைகீழாகப் படித்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"ஆனா மேசையில வச்சுப் பாத்தப்ப ஊதுச்சேடா."

"ஊதும்க்கா. பந்து உசந்துச்சான்னு கேக்கும், இல்லைன்னு உடனே திரும்பும், மறுபடி கேக்கும். விடாம கேட்டுக்கிட்டே இருக்கும். பந்து உசந்தா ஊதவும் செய்யும். ஆனா ஒரு நொடிகூடத் தூங்காது, பேட்டரியைத் தின்னுக்கிட்டே இருக்கும். மேசையில கரண்டு இருக்கு. ஆத்தங்கரையில சோலார்தான. வெயில் இல்லைன்னா செத்துரும்."

 ருமானா கம்ப்யூட்டரிலிருந்து பெட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். பெட்டி செத்துவிட்டிருந்தது.

சரி, செத்தது பெட்டிதானே, ஆள் அனுப்பி பேட்டரி மாற்றி, பழைய சிஸ்டத்தைப் போட்டுவிடலாம், வெட்கத்தைத் தின்றுவிட்டு ரசாக்கிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு எழுந்தாள். ரசாக் எதிரே வந்தார். கையில் போன்.

"ருமானா, மேல மதகு தெறந்துட்டாங்களாம். குரூப்ல போட்டுருக்காங்க. நாம பாக்கலை, போட்டு ரொம்ப நேரமாச்சு. இந்நேரம் சோழவந்தான் கிட்ட வந்துரும். எல்லாச் சங்கும் நல்லாத்தான இருக்கு?"

 ருமானாவின் நினைப்பில் பெட்டி இல்லை, மேனுவல் இல்லை, வேலை போகும் என்பதுகூட இல்லை. ஆற்றுக்குள் குனிந்துகொண்டு குழாயைக் கழுவுகிற தம்பியின் முதுகுதான் இருந்தது. அந்தக் குழாய் எல்லோருக்கும் மேற்கே இருந்தது. தண்ணீர் முதலில் தொடுவது அதைத்தான். அதோடு, ஊதுகிற வரைக்கும் பார்த்துவிட்டு வா என்று அவளே சொல்லியிருந்தாள். அது ஊதப் போவதில்லை.

"அண்ணே, சோழவந்தான் சங்கு ஊதாது. என் தப்பு. தம்பி உள்ள இருக்கான்" என்று ஒரு வழியாகச் சொன்னாள்.

ரசாக் ஒன்றும் கேட்கவில்லை. அது அவருடைய பெரிய மனசு. சால்டரிங் கம்பியை அப்படியே போட்டுவிட்டு, போலீசுக்கும் பஞ்சாயத்துக்கும் போன் போட ஆரம்பித்தார். ருமானா தம்பியின் நம்பரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியிலேயே போனை வைத்துவிட்டு இறங்கியிருப்பான், நனைந்துவிடும் என்று. எப்போதும் அப்படித்தான். மறுபடி அழுத்தினாள், மறுபடி. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடலாம் என்றால், எவ்வளவு முறுக்கினாலும் தண்ணீர்தான் முதலில் போய்ச் சேரும்.  தம்பி மனைவி ஆயிஷா சித்திகாவைக் கூப்பிட்டாள்.

"ஆயிஷா, அமீன் எங்க?"

"ஆத்துக்குத்தான் போயிருக்காரு மதினி. நீங்கதான் சொன்னீங்களாமே."

"தண்ணி வருது ஆயிஷா. ஓடு. அவனை மேல ஏறச் சொல்லு."

"தண்ணியா? சங்கு ஊதலையே மதினி" என்றாள் ஆயிஷா, ரொம்ப நிதானமாக. பின்னால் தாளிக்கிற சத்தம் கேட்டது. "ஊதுனா அவரே ஏறிருவாரு."

"சங்கு ஊதாது! செத்துப்போச்சு! அடுப்பை அணைச்சுட்டு ஓடு, போனைக் கட் பண்ணாத!"

அந்தக் கத்தலில் ஆயிஷாவுக்கு விளங்கிவிட்டது. கரண்டி விழுகிற சத்தம், கதவு, தெரு, மூச்சிரைப்பு. ருமானா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தெரிந்த துஆவெல்லாம் பாதி பாதியாக ஓதினாள். எதுவும் முழுசாக வரவில்லை. கீழே பல் ஆஸ்பத்திரியில் டிரில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கரைக்கு வந்துட்டேன் மதினி. அவரு தெரியுறாரு. அந்தா, நாணலுக்கு அங்கிட்டுக் குழாய்கிட்ட குனிஞ்சு நிக்கிறாரு. ஏங்க! ஏங்க!" ஆயிஷாவின் குரல் உடைந்தது. "கேக்கலை. எட்டாது மதினி."

"பாலத்துகிட்ட யார் இருக்கா?"

"துணி அலசுறவுக இருக்காக. காளை மாமா ஆட்டை எறக்கிவிட்டுருக்காரு. மாமா! தண்ணி வருதாம் மாமா, ஏறுங்க!"

தூரத்தில் ஒரு கிழட்டுக் குரல் சாவகாசமாகப் பதில் சொன்னது. "சங்கு ஊதலையேத்தா."

ருமானா அதைத் தெளிவாகக் கேட்டாள். இத்தனை வருஷமாக ஊத வேண்டியபோது ஊதி, ஊதக் கூடாதபோது சும்மா இருந்து அந்தப் பெட்டி வாங்கி வைத்திருந்த நல்ல பெயர் அது. இப்போது ஒரு பெண் வாய்விட்டுக் கதறுவதைவிட அது வாயை மூடிக்கொண்டிருப்பதை ஜனம் நம்பியது. 

"நீ உள்ள எறங்கிராத ஆயிஷா. அமீன் வண்டி எங்க நிக்குது?"

"கம்பத்துக்குப் பக்கத்துலதான் நிக்குது. சாவியும் அதுலயே இருக்கு. எனக்கு ஓட்டத் தெரியாதே மதினி. அருண்பாண்டி அண்ணன் பால் வண்டியோட நிக்கிறாரு, அவருகிட்டக் குடுக்கவா?"

"குடு."

அருண்பாண்டி அந்தப் பக்கத்து ஊர்களில் பால் எடுக்கிறவர். போனை வாங்கினதும் அவரும் அதே பாட்டைத்தான் ஆரம்பித்தார். "என்னக்கா, தண்ணிங்கிறாக. சங்கு ஊதலையே."

ருமானா இந்த முறை தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. மூச்சை இழுத்து விட்டாள். "அண்ணே, நான் சங்குக் கம்பெனியில இருந்து பேசுறேன். சங்கு ரிப்பேரு. இப்ப ஒருக்கா ஊதிப் பாக்கணும். அந்தக் குட்டியானையைக் கம்பத்தை ஒட்டிப் போட்டு, பேட்டரியில இருந்து ரெண்டு வயரு இழுத்துச் சங்குல குடுக்க முடியுமா?"

"ரிப்பேரா? அதை மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா!" என்றார் அருண்பாண்டி. மனுஷனுக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. வெள்ளம் என்றால் நம்பாதவர் வயரிங் என்றால் நம்பினார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. என்ன வயர் வேண்டும், எதில் எதைத் தொட வேண்டும் என்று ருமானா சொல்லச் சொல்ல, அவர் தன் பால் வண்டியிலிருந்த பழைய வயரைப் பல்லால் கடித்து உரித்தார். பெட்டி வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டாம். சங்கின் வாலும் பேட்டரியின் தலையும் மட்டும் போதும் என்றாள். ஒவ்வொரு விநாடியும் அவள் நெஞ்சில் மிதித்துக்கொண்டு போனது.

திடீரென்று போனுக்குள் சங்கு ஊதியது.

அந்தச் சத்தத்தில் ருமானாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ரசாக் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தார். "ஊதுதா? அல்ஹம்துலில்லாஹ்!" என்றார்.

போன் மறுபடி ஆயிஷா கைக்கு வந்திருந்தது. சங்குக்கு மேலே கத்தினாள். "ஏறுறாக மதினி! துணியை அப்படியே போட்டுட்டு ஏறுறாக! காளை மாமா ஆட்டைப் பத்திவிடுறாரு!"

"அமீன்? அமீன் ஏறுறானா?"

"அவரு..." ஆயிஷா தயங்கினாள். "அவரு ஒரு கையைக் குழாய்மேல வச்சுக்கிட்டு மறு கையைத் தூக்கி ஆட்டுறாரு மதினி. குதிக்கிறாரு. சிரிக்கிற மாதிரி இருக்கு."

ருமானாவுக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் சேர்ந்து ஓடியது. பந்தைத் தூக்கினால் சங்கு ஊத வேண்டும் என்று சொல்லி அவனை உள்ளே அனுப்பியது அவள். இவ்வளவு நேரம் தூக்கித் தூக்கிப் பார்த்து, ஊதாமல், கழற்றிக் கழுவி மாட்டியிருப்பான். மறுபடி தூக்கியிருப்பான். அதே நேரத்தில் இங்கே அருண்பாண்டி வயரைத் தொட்டிருக்கிறார். தன் கையால்தான் ஊதுகிறது என்று நினைக்கிறான் பாவி. ஊரையே ஓட வைக்கிற சத்தம் அவனை மட்டும் அங்கேயே நிற்க வைத்திருந்தது.

"காளை மாமாவைப் பாத்தும் கையை ஆட்டுறாரு மதினி, ஒண்ணுமில்லைங்கிற மாதிரி. அந்தாளு நின்னுட்டாரு. திரும்பி எறங்குறாரு மதினி!"

"யா அல்லாஹ்" என்றாள் ருமானா.  சங்கு விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. விடாமல் ஊதினால் என்ன அர்த்தம்? பந்து மேலே இருக்கிறது என்று அர்த்தம். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்தச் சங்கு எப்படி ஊதும், எத்தனை நேரம் ஊதும் என்பது அந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம். யாரும் எழுதிக் கொடுக்காத மேனுவல் அது. அப்படியென்றால் அதில் இல்லாததைச் செய்ய வேண்டும்.

"ஆயிஷா, அருண்பாண்டி அண்ணன்கிட்டச் சொல்லு. வயரை எடுத்து எடுத்துத் தொடணும். ஊதி நிக்கணும், ஊதி நிக்கணும். கோணல்மாணலா ஊதணும். சங்கு கெட்டுப்போச்சுன்னு அவனுக்குத் தோணணும்."

"எதுக்கு மதினி?"

"கெட்டுப்போனா பாக்க வருவான். சொல்லு!"

சங்கு நின்றது. ஊதியது. பாதியில் அறுந்தது. விக்கியது. இரண்டு தடவை சிறுசாகக் கத்திவிட்டு நின்றது. பல வருஷத்தில் அந்தச் சங்கு அப்படி ஊதியதே இல்லை. ருமானா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவன் அசட்டையாக அங்கேயே நின்றுவிட்டால்? அதுவும் ஏதோ பாசி என்று நினைத்து மறுபடி குனிந்துவிட்டால்? அவனுக்கு எதிலும் பொறுமை கிடையாது, ஆனால் எதையாவது கழற்றி மாட்டுகிற வேலை என்றால் மட்டும் ஊரே மறந்துபோகும்.

"மதினி, அவரு இங்கிட்டுப் பாக்குறாரு." கொஞ்சம் இடைவெளி. "இடுப்புல கையை வச்சுக்கிட்டு நிக்கிறாரு."

"இன்னும் ஊதச் சொல்லு."

"வாராரு! மதினி, வாராரு! கரையைப் பாத்து வாராரு!"

"வேகமாவா?"

"இல்ல, நடந்துதான் வாராரு. பேசிக்கிட்டே வாராரு, காளை மாமாவையும் கூட்டிக்கிட்டு." ஆயிஷா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள் போலிருந்தது. அவள் கத்துவது தூரமாகக் கேட்டது. வாங்க, வாங்க, வாங்க என்று ஒரே சொல்தான். அதற்குள் ஆடுகளின் சத்தம், பொம்பளைகளின் சத்தம், அறுந்து அறுந்து ஊதுகிற சங்கு. ருமானா ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துக் கேட்டாள். தண்ணீரின் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இத்தனை சங்குக்கு மேனுவல் திருத்தியவள் ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை.

அப்புறம் சங்கு நின்றுவிட்டது. போனில் தம்பியின் குரல் வந்தது. கோபமாக, மூச்சு வாங்க, உயிரோடு.

"என்னக்கா, எதுக்கு இப்படிக் கெடந்து கத்துறா இவ? நான் பந்தைச் சரி பண்ணிட்டேன். ஒரே பாசி. கழுவி மாட்டித் தூக்குனேன், சும்மா கும்முன்னு ஊதுச்சு, கேட்டியா? அப்புறம் என்னன்னு தெரியலை, விட்டு விட்டு ஊதுது. எங்கிட்டோ வயரு லூசு. இப்ப என்னடான்னா அருண்பாண்டி அண்ணன் சங்குல வயரை வச்சு..."

அவன் நிறுத்திவிட்டான்.

ருமானாவுக்கு அது கேட்டது. பெரிய இரைச்சலாக இருக்கும் என்று பயந்திருந்தாள். அப்படியில்லை. உலர்ந்த சருகுகளை யாரோ கூட்டிக்கொண்டு வருகிற மாதிரி ஒரு சரசரப்பு, அது மட்டும் நிற்காமல் வளர்ந்துகொண்டே வந்தது. கரையில் யாரோ பொம்பளை ஒப்பாரி வைக்கிற குரலில் என் சேலை, என் சேலை என்றாள். காளை மாமா ஆட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"அக்கா" என்றான் அமீன். குரல் அவன் குரலாகவே இல்லை. "தண்ணிக்கா. நுரையும் குப்பையுமா வருது. நாணலைக் காணோம்."

"நீ மேலதான இருக்க? நல்லா மேல இருக்கியா?"

"மேலதான் இருக்கேன். குழாயும் போச்சு. இப்பத்தானக்கா அங்க நின்னேன்." அவன் சற்று யோசித்தான். அவன் யோசிப்பது இவளுக்கு இங்கே தெரிந்தது. "அப்ப, நான் தூக்குனப்ப ஊதுச்சே?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாடா, நீதான் ஊத வைத்தாய், நீதான் எல்லோரையும் ஏற்றிவிட்டாய் என்று சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பான்.  அடுத்த தடவையும் அவன் இறங்குவான். காளையும் இறங்குவார். எல்லோரும் சங்கின் சொல்லை நம்பித்தான் இறங்குவார்கள்.

"நீ தூக்குனதுக்கு அது ஊதலை அமீன்" என்றாள். "அது காலையிலயே செத்துப்போச்சு. நான் கொன்னுட்டேன். அது தெரியாம உன்னை உள்ள அனுப்புனேன். நீ எத்தனை தடவை தூக்கியிருந்தாலும் அது ஊதியிருக்காது."

 அந்தச் சரசரப்பு மட்டும் போனில் ஓடிக்கொண்டிருந்தது. அமீன், அமீன் என்று அவள் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு ஆயிஷா போனை வாங்கினாள்.

"தரையில உக்காந்துட்டாரு மதினி" என்றாள். "அப்புறமாப் பேசச் சொல்றேன்."